கறுப்புக் கல்லில் மூன்றாவது பெயர்

உயிரோடு இருக்கும்போதே தன் கல்லறையில் தன் பெயரை வாசிக்கிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. எனக்கு வாய்த்தது. போன அக்டோபரில், விடுமுறைக்குத் தூத்துக்குடி வந்த நாலாம் நாள் காலையில்.

நான் ஒரு கன்னியாஸ்திரி. தான்சானியாவில், ஒரு பெரிய ஏரியின் கரையில் இருக்கிற கிராமத்தில், எங்கள் சபை நடத்தும் சின்ன மருந்தகத்தில் நர்ஸ். போய் இருபத்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் லீவு தருவார்கள். அம்மாவும் தம்பி குடும்பமும் இருக்கிற வீடு கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அங்கேதான் வந்து தங்குவேன்.

லீவின் முதல் வாரம் எப்போதும் அரைத் தூக்கம்தான். விடியற்காலையில் விழிப்பு வரும், கண் திறக்காது. அலைச் சத்தம் கேட்கும். எந்தத் தண்ணீர் என்று பிடிபடாது. கை தானாகக் கொசுவலையின் ஓரத்தைத் தேடும். கருவாட்டு வாசனை வரும், அதை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அங்கேயும் நெத்திலி மாதிரி ஒரு பொடிமீனைக் கரை மணலில் பரப்பிக் காயப்போடுவார்கள். வாசனை அச்சு அசல் நம்முடையதுதான். மாதா கோயில் மணி அடித்த பிறகுதான் ஊர் எது என்று உறுதியாகும். அதுவரைக்கும் இரண்டு ஊரிலும் சேர்த்துப் படுத்திருப்பேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எழுந்திருக்கவே மனசு வராது.

அந்த ஏரிக்கு எதிர்க்கரை தெரியாது. போன முதல் நாள் சாயங்காலம் முழங்கால் வரை இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். உப்பில்லை. பயந்து துப்பிவிட்டேன். இத்தனை தண்ணீர் உப்பே இல்லாமல் கிடக்கும் என்று எங்கள் கடற்கரையில் பிறந்த யாரும் நம்பமாட்டார்கள். நம்புவதற்காகவே இன்னொரு கை அள்ளிக் குடித்தேன். தண்ணீர் எடுக்க வந்திருந்த பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அதில் ரொம்பச் சிரித்த ஒருத்தி பிறகு எங்கள் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றைக்கு அவள் இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது, கால் ஓடாது.

வேதம் போதிக்கப் போனவள் என்பதால், நான் தினமும் மரத்தடியில் நின்று பிரசங்கம் பண்ணுவதாக ஊரில் நினைக்கிறார்கள். காலைப் பூசை முடிந்து மருந்தகக் கதவைத் திறந்தால் வரிசை நிற்கும். காய்ச்சல், இருமல், மீன்முள் குத்திச் சீழ் வைத்த கை. புதன்கிழமை குழந்தைகளுக்கு எடை போடும் நாள். உத்தரத்தில் தொங்கும் தராசில் துணியில் கட்டித் தூக்குவோம். அழாத பிள்ளை ஒன்றுகூட இதுவரை வந்ததில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. என் பிரசங்கம் அவ்வளவுதான். முதல் நாளே பச்சைத் தண்ணீரைக் குடித்தவள் சொல்வதை அவர்கள் கேட்பதே பெரிய விஷயம்.

இந்தத் தடவை வரும்போது கைப்பையில் ஒரு தாள் இருந்தது. ஐம்பத்தைந்து தாண்டிய கன்னியர் எல்லோரும் நிரப்பித் தரவேண்டிய தாள். இறக்க நேர்ந்தால் அடக்கம் எங்கே என்று அதில் ஒரு கேள்வி. பணிசெய்யும் நாட்டில் என்று ஒரு கட்டம், சொந்த நாட்டில் என்று ஒரு கட்டம். எங்களுடையது சின்னச் சபை. சொந்த நாடு என்றால், வீட்டார் விரும்பினால் குடும்பக் கல்லறையிலேயே வைக்கலாம். கீழே என் கையெழுத்து, பக்கத்தில் குடும்பத்தில் ஒருவர் கையெழுத்து. லீவு முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். நான் முதல் கட்டத்தில் எப்போதோ மனசுக்குள் குறி போட்டுவிட்டேன். மருந்தகத்துக்குப் பின்னால் மாமரத்தடியில் எங்கள் சிஸ்டர்கள் இரண்டு பேர் கிடக்கிறார்கள். மூன்றாவதாக நான் கிடக்க வேண்டும் என்று ஆசை. அதை அம்மாவிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை.

காரணம் அப்பா. அப்பா தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவர். ஆறு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார். ஏரிக்கரையில் அப்போது நல்ல மழை. பாலம் உடைந்து வண்டி எதுவும் ஓடவில்லை. மருந்தகத்து வராந்தாவில் நின்று தம்பியின் செல்போன் வழியாகத்தான் அடக்கத்தைப் பார்த்தேன். பெட்டியைக் குழியில் இறக்கும்போது படம் நின்றுவிட்டது. திரும்ப வரவில்லை. அம்மா இதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அந்த நாலாம் நாள் காலை, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் சுத்தம் பண்ணவேண்டும் என்று அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். தம்பி துடைப்பமும் வாளியும் எடுத்துவந்தான். கல்லறையைப் புதுசாகக் கட்டி, தலைமாட்டில் கறுப்புக் கிரானைட் பதித்திருந்தார்கள். முதலில் அப்பா பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. அடுத்து அம்மா பெயர், பிறந்த தேதி, ஒரு சின்னக் கோடு. மூன்றாவதாக, முன்னால் அருட்சகோதரி என்று போட்டு, என் பெயர். பிறந்த தேதி. ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்பால் வழவழவென்று கல்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மடத்தில் அதற்காக எத்தனையோ பாவசங்கீர்த்தனம் பண்ணியாயிற்று. தம்பியைப் பார்த்தேன். அவன் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டான். அம்மா மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"ஒரே ஆளு ஒரே நாளுல வெட்டுனாத்தான் எழுத்து ஒண்ணுபோல இருக்கும். பெறகு வேற ஆளு வெட்டுனா கோணல்மாணலாப் போயிரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது? எண்பத்திரண்டு வயது மனுஷி, எழுத்து அழகாக இருக்கவேண்டும் என்று மகளுக்கு முன்கூட்டியே கல் வெட்டி வைத்திருக்கிறாள். நான் சிரித்ததைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. நாலு பேர் முன்னால் என்னைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அங்கே யாரும் இல்லை.

"ஏளா, உங்கப்பாவ எடுக்கும்போதுதான் நீ இல்ல. பக்கத்துலயாவது வந்து படுக்க வேண்டாமா?"

ஆறு வருடம் கேட்காததை அப்போது கேட்டாள். நான் துடைப்பத்தை எடுத்துக் கூட்டிய இடத்தையே கூட்டிக்கொண்டிருந்தேன்.

தாள் கைப்பையிலேயே கிடந்தது. நாள் கனவு மாதிரிப் போனது. மத்தியானத் தூக்கத்தில் துறைமுகத்துச் சங்கு ஊதும். நான் ஏரியில் படகு வருகிறது என்று நினைத்துக்கொண்டு, யாருக்கோ கட்டுப்போட எழுந்து உட்காருவேன். தெருப் பெண்கள் வந்து அங்கே சிங்கம் வீட்டுக்குள் வருமா என்று கேட்பார்கள். நான் சிங்கத்தை இதுவரை பார்த்ததில்லை என்று சொன்னால் ஏமாந்துபோய் மக்ரூனைக் கடிப்பார்கள். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாவது கட்டத்தில் குறி போட்டுவிடலாமா என்றுகூட இரண்டொரு நாள் தோன்றியது. செத்த பிறகு எங்கே கிடந்தால் என்ன, அம்மா நிம்மதியாக இருப்பாளே என்று. ஆனால் பேனாவை எடுத்தால் மாமரம்தான் கண்ணில் வந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். காலையெல்லாம் மழை. சாயங்காலம் வெறித்தது, காற்று மட்டும் நிற்கவில்லை. கல்லறைத் தோட்டம் முழுக்கச் செவ்வந்திப் பூவும் சனமும். பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வந்தார். சுற்றிலும் எல்லோருடைய திரியும் அணைந்து அணைந்து போக, அம்மாவின் திரி மட்டும் நின்று எரிந்தது. தேங்காய்ச் சிரட்டையால் ஈர மணலில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி பறித்து, அதற்குள் மெழுகுதிரியை நட்டிருந்தாள். காற்று மேலே போய்விடும். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து இப்படித்தான் செய்கிறாளாம்.

மந்திரித்து முடிந்ததும் மடியிலிருந்து இன்னொரு திரியை எடுத்தாள். எங்கள் கல்லறையை ஒட்டி ஒரு பழைய கல் மண்ணில் பாதி புதைந்து கிடக்கும். எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிற்று. எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்து இங்கே இறந்துபோன ஒரு வெள்ளைக்காரக் கன்னியர் என்று மட்டும் தெரியும். சின்ன வயதில் அதற்கும் திரி ஏற்றுவதைப் பார்த்து, அதுவும் எங்கள் சொந்தக்காரர் கல்லறை என்றே நினைத்திருந்தேன். அம்மா அங்கேயும் குழி பறித்தாள், திரியை நட்டாள், மிச்சமிருந்த பூவை வைத்தாள். இது எதற்கு என்று கேட்டேன்.

"அவளுக்கு இங்கன யாரு இருக்கா? பக்கத்துல கெடக்கா. நமக்கு மட்டும் ஏத்திட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

 தாளைப்பற்றி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மறுநாள் காலை, அம்மா இடியாப்பம் பிழிந்துகொண்டிருக்கும்போது என் செல்போனில் ஒரு படம் வந்தது. ஏரிக்கரையிலிருந்து, மருந்தகத்தில் என்னோடு வேலை செய்யும் அந்தச் சிரிப்புக்காரி அனுப்பியது. மாமரத்தடியில் எங்கள் சிஸ்டர்களின் இரண்டு கல்லறை. புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்திருந்தாள். திரி இரண்டும் மழையில் அணைந்து கிடந்தன. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததில் அம்மா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். எது யார் என்று கேட்டாள், சொன்னேன். ஒருத்தி கேரளத்துக்காரி, ஒருத்தி கோவாக்காரி. இரண்டு பேர் வீட்டிலிருந்தும் யாரும் வந்து பார்த்ததில்லை. பிறகு படத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். இரண்டு கல்லறைக்கும் பக்கத்தில், ஒரு ஆள் படுக்கிற அளவுக்குப் புல் செதுக்கிப் போட்டிருந்தது.

"இது யாருக்கு?"

நான் யாரையும் செதுக்கச் சொல்லவில்லை. என்றைக்கோ ஒரு நாள் பேச்சுவாக்கில் அந்த இடத்தைக் காட்டியிருக்கிறேன், அவள் மறக்கவில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை. எனக்குத்தான் என்றேன். உள்ளே போய்த் தாளை எடுத்துவந்து, அதில் என்ன இருக்கிறது என்று முழுசாக வாசித்துக் காட்டினேன்.

அம்மா அன்றைக்குப் பேசவில்லை. சோறு வைத்தாள், கறி ஊற்றினாள், பேசவில்லை. அழுதிருந்தால், இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். சாயங்காலம் திரும்பவும் மழை பிடித்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

அங்கே நவம்பரில் மழை உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். மண் எப்படி என்றாள். செம்மண் என்றேன். 

"செம்மண்ணுன்னா குழி சரியாம நிக்கும். இங்கனதான் மணலு, சரிஞ்சு சரிஞ்சு விழுது. அந்தப் படம் அனுப்புன பிள்ளைகிட்ட சொல்லு, திரிய மேல வைக்கக் கூடாது. ஒரு சாண் ஆழத்துல நடணும்."

சொல்கிறேன் என்றேன்.  அம்மா தாளையும் பேனாவையும் கேட்டாள். அஞ்சாம் வகுப்புப் படித்த கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாக, தாளை ஓட்டை போடுகிற மாதிரி அழுத்தி எழுதினாள். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுத் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தாள்.

கல்லில் வெட்டிய என் பெயரை என்ன செய்வது என்று கேட்டேன். அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்றாள். அப்பாவுக்கு மட்டும் நான் இரண்டாம் தடவையும் இல்லாமல் போகிறேனே என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். அம்மா பேனாவை மூடி என் கையில் கொடுத்தாள்.

"நான்தானே மொதல்ல போறேன். உங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."