இரண்டாவது அழுத்தல்

பாரிசவாதம் மனைவி அலீமாவின் வலக்கையோடு நாக்கையும் கட்டிப்போட்ட நாளிலிருந்து றஊபை வீட்டில் கூப்பிட ஆளில்லை. மகள் ஃபர்ஸானா கூப்பிடுவாள்தான், அது "வாப்பா". பாலாவிச் சந்தியில் அவர் நடத்தும் ஃபோன் திருத்தும் கடையில் நாள் முழுக்க "றஊப் நானா". பேரைச் சொல்லாமல், "இஞ்ச பாருங்க" என்று குசினிக்குள் சமைத்தபடி அலீமா கூப்பிடும் அந்தக் குரலுக்குத்தான் அவருடைய காது ஏங்கியது. சிமெந்து லொறி இரைந்து போகும்போதுகூட யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கும். கையிலிருந்த திருப்புளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

அந்தக் குரல் அவரிடம் இருந்தது. கட்டாரில் லிஃப்ட் கம்பனியொன்றில் அவர் வேலை செய்த காலத்தில் அலீமா வட்ஸ்அப்பில் பேசி அனுப்பியவை, ஃபோன் மாறி ஃபோன் மாறி, அழியாமல் கிடந்தன. அவற்றிலிருந்து "தேத்தண்ணி", "வேணாம்", "நோகுது", "இஞ்ச பாருங்க" என்று சொல் சொல்லாக வெட்டியெடுத்தார். சொல்லுக்கொரு பட்டன் வைத்த பலகை, உள்ளே அதை இயக்கும் மூளையாக விரலளவு மைக்ரோகொன்ட்ரோலர், பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர். பட்டனை அழுத்தினால் அலீமாவின் பழைய குரல் பேசும்.

முதல் நாள் பேசத் தொடங்கியது நிற்கவேயில்லை. ஒருதரம் அழுத்த, "தேத்தண்ணி தேத்தண்ணி தேத்தண்ணி!"

"என்ன வாப்பா, உம்மாக்குத் தேத்தண்ணிக் கடையா போட்டுக் குடுக்கப் போறீங்க?" என்றாள் ஃபர்ஸானா. அலீமா பாதி உதட்டால் சிரித்தாள்.

காரணம் றஊபுக்குத் தெரியும். பட்டனுக்குள் இருக்கும் தகடு ஒரே தட்டில் ஒட்டாது. துள்ளித் துள்ளித்தான் படியும். நமக்கு அது ஓர் அழுத்தல். இமைக்கும் நேரத்தில் எத்தனையோ தரம் பார்த்துவிடும் மைக்ரோகொன்ட்ரோலருக்கு ஒவ்வொரு துள்ளலும் ஓர் அழுத்தல். ஆகவே புரோகிராமில் கொஞ்சம் பொறுமையை எழுதினார்: முதல் தொடுகையை எடு, துள்ளி அடங்கும்வரை மற்றதைக் கவனிக்காதே.

தகடு அடங்கியது. அலீமாவின் இடக்கை நடுக்கம் அடங்கவில்லை. விரல் பட்டு, விலகி, மறுபடி பட்டது. றஊப் அந்தப் பொறுமையை நீட்டிக்கொண்டே போனார். லிஃப்டில் ஏறும் சனம் பதறிப் பதறி அழுத்தும். முதலாவது போதும், மிச்சமெல்லாம் வீண் என்பது அவர் கட்டாரில் படித்த பாடம்.

இப்போது ஒருதரம் அழுத்தினால் ஒரே சொல். அலீமா தேத்தண்ணி கேட்டாள், வேணாம் என்றாள். அவரைக் கூப்பிடும் பட்டனில் மட்டும் ஏதோ பிசகு. அதை அழுத்துவாள், அவர் ஓடி வருவதற்குள் முகம் சுருங்கிப் பலகையைத் தள்ளிவிட்டிருப்பாள். பிறகு அதைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

"என்னைக் கூப்பிட விருப்பமில்ல போல."

"நீங்க ஒருதரம் கூப்பிட்டு எப்பயாவது வந்த ஆளா?" என்றாள் மகள். "உம்மா எப்பயும் ரெண்டுதரம்தானே கூப்பிடுவா. முதலாவது சும்மா. ரெண்டாவது இழுத்து, கோவத்தோட. அதுக்குத்தான் நீங்க எழும்புவீங்க. உம்மா இப்பயும் ரெண்டாவத அமத்துறா வாப்பா. உங்கட பெட்டிதான் முழுங்குது."

றஊப் பழைய குரல்களைத் திரும்பக் கேட்டார். எல்லாவற்றிலும் அந்த இரண்டாவது கூப்பிடல் இருந்தது. சொன்னதைத்தானே சொல்கிறாள் என்று வெட்டி வீசியது அவர்தான். அந்த "இஞ்ச பாருங்களே"யில் கோபத்துக்குள் ஒரு சிரிப்பும் கிடந்தது.

இரண்டாவது அழுத்தலுக்கென்று அதையும் சேர்த்தார். அந்த ஒரு பட்டனுக்கு மட்டும் பொறுமையைத் தகடு அடங்கும் அளவுக்குக் குறைத்தார்.

"உம்மாட கை நடுங்குமே. நாலஞ்சுதரம் கத்தும்," என்றாள் ஃபர்ஸானா.

"கத்தட்டும் மகள்."

பின்னேரம் முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து "இஞ்ச பாருங்க" வந்தது. அவர் எழும்பவில்லை, இரண்டாவதுக்குக் காத்திருந்தார்.

"இஞ்ச பாருங்களே!"

"ஓம் ஓம், வாறன்!"

எழும்பி ஓடினார். குரல் விடவில்லை, மூன்றாவது, நான்காவது என்று வந்துகொண்டேயிருந்தது. கதவடியில் றஊப் நின்றுவிட்டார். உள்ளே போனால் அலீமாவின் மூடிய வாயைப் பார்க்க வேண்டும். குரலை இன்னும் ஒருதரம் கேட்டுவிட்டுப் போகலாம்.