உப்புப் பார்க்க வந்தவள்

விலைவாசி ஏறி, கோதுமை மாவுகூடப் பல வீடுகளுக்கு எட்டாத பொருளாகிவிட்ட ஆண்டு அது. பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகும் வழியில், பெருந்தெருவை விட்டு உள்ளே ஏறிச் செல்லும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இது நடந்தது.

பதுளைக் கடைவீதியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பலசரக்குக் கடை உண்டு. அதன் மேல்மாடி அறையில் அப்போது ஓர் ஆய்வாளர் வந்து தங்கியிருந்தார். பல்கலைக்கழகத்தில் விரிவுரை செய்பவர். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து படித்து உயர்ந்த பெண். தோட்டத்து மக்களின் உணவு எங்கிருந்து வருகிறது, அது யார் கைக்குச் சேர்கிறது, யாருக்குச் சேராமல் போகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள், விடிந்ததிலிருந்து கடைசி பஸ் நேரம்வரை இருப்பார். பானையில் போவதையும் தட்டில் விழுவதையும் சிறு தராசில் நிறுப்பார். பிறகு, வெளியார் யாருக்காவது சாப்பாடு கொடுத்தீர்களா, வெளியில் யாராவது தந்து சாப்பிட்டீர்களா என்று கேட்பார். எல்லா வீட்டிலும் ஒரே விடை: "இல்லைங்க மிஸ்."

அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு நான் மாதந்தோறும் சென்று பதிகம் பாடுவது வழக்கம். 'பதிகத்தம்மா' என்றுதான் அங்கே என்னை அழைப்பார்கள். அந்தப் பழக்கத்தால் சில நாள் ஆய்வாளருக்குத் துணையாகச் சென்றேன்.

எங்கள் பூசையறைக்கு அமுது சமைப்பது இந்த வயதிலும் நான்தான். இறைவனுக்குப் படைக்கும்முன் நாவில் படக்கூடாது என்பதால் ஒருநாளும் உப்புப் பார்த்ததில்லை. கைக்கணக்குத்தான். ஆய்வாளருக்கு அது பெரிய வேடிக்கை.

"சாமி ஒருநாள்கூட உப்புக் கரிக்குதுன்னு சொன்னதில்லையாம்மா?"

"அவர் சொன்னதில்லை. பிறகு சாப்பிடுகிற நீங்கள்தான் சொல்கிறீர்கள்" என்பேன்.

அப்படிச் சிரித்துப் பேசும் பெண், ஒரு மாலை சோற்றைப் பிசைந்தபடியே உண்ணாமல் அமர்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். அந்தத் தோட்டத்து லயக் குடியிருப்பு ஒன்றில் ஒரு தகப்பனும் அவருடைய மூன்று வயது மகளும் இருந்தார்கள். தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போயிருந்தார். அங்கே சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. பிள்ளை மெலிந்திருப்பதைக் கண்ட மருத்துவமாது, அடுத்த நிறுவையிலும் எடை ஏறாவிட்டால் பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்க்க நேரும் என்று எச்சரித்திருந்தார். அதை விசாரிக்க வரும் உத்தியோகத்தர், வீட்டுச் சாப்பாட்டை நிறுத்துப் பார்த்தவர் என்ற முறையில் ஆய்வாளரின் சொல்லையும் கேட்கப்போகிறாராம்.

"அந்தப் பானையில இருக்கிறது ஒரு ஆளுக்கே பத்தாதும்மா. உண்மையச் சொன்னா புள்ளையைக் கூட்டிட்டுப் போயிருவாங்க. சொல்லாம விட்டா, அது பட்டினி கிடக்கிறத நானே மறைச்ச மாதிரி."

"இன்னொரு முறை போய்ப் பார்ப்போம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். தகப்பன் விடிவதற்குள் பண்டாரவளைப் பக்கம் மரக்கறித் தோட்டமொன்றுக்குக் அன்றன்றே கூலி தரும் கைக்காசு வேலைக்குப் போய்விட்டார். பொழுது சாயத்தான் வருவார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லியிருந்தார். லயத்து விறகடுப்புப் புகை என் நெஞ்சுக்கு ஆகாது. ஆகவே அன்று வீட்டுக்குள் அமராமல், வெளியே தண்ணீர் கொட்டும் பீலியின் அருகே இருந்த கல்லில் இருவரும் உட்கார்ந்தோம். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அறைகள், அறைக்கொரு குடும்பம். நாங்கள் இருந்த இடத்திலிருந்து எல்லா வாசல்களும் ஒருசேரத் தெரிந்தன. இத்தனை நாளும் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவருக்குத் தெரியாதது அன்று வாசலில் தெரிந்தது.

சமையல் வாசனை எழுந்த நேரத்தில் அந்தக் குழந்தை வெளியே வந்தாள். கவுனின் ஒரு தோள் நழுவியிருந்தது. முதல் வாசலில் போய் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை.

"வந்துட்டியாடி? நல்ல நேரம். இந்தா, உப்பு பாரு!"

ரொட்டித் துண்டில் பருப்பைத் தோய்த்து அவள் வாயில் வைத்தாள் அந்த வீட்டுப் பெண். குழந்தை கூரையைப் பார்த்தபடி, பெரிய நியாயம் தீர்ப்பவளைப் போல மென்றாள்.

"பத்தல."

"பத்தலையா? அடியாத்தி! இப்ப பாரு." உப்பைத் தொட்டதாகவும் தெரியவில்லை, இன்னொரு துண்டு வாய்க்குள் போயிற்று.

அடுத்த வாசலில் மரவள்ளிக்கிழங்கு. அதற்கடுத்ததில் குரக்கன் என்கிற கேழ்வரகுக் களியும் கீரையும். அங்கும் "உப்பு பாரு", அங்கும் "பத்தல". ஒரு வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சைவக்காரியான என்னைக் கண்டதும் அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு சட்டியை மூடினாள். ஆனாலும் மூடியின் இடுக்கால் பிள்ளைக்கு ஒரு கரண்டி வந்துவிட்டது. இன்னொரு வாசலில் பாதி முட்டை.

ஆய்வாளரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து போனார்.

"அக்கா, அவிச்ச முட்டையில உப்புப் பாக்க என்ன இருக்கு?"

"ஓட்டைத் தாண்டி உப்பு இறங்கிச்சான்னு பாக்க வேணாமா மிஸ்?" என்றாள் அவள். வாசல்களெல்லாம் சிரித்தன.

"வெளியாளுக்குச் சாப்பாடு குடுத்தீங்களான்னு கேட்டப்ப, இல்லைன்னுதானே சொன்னீங்க?"

"சாப்பாடு எங்க குடுத்தோம்? உப்புத்தானே பாக்கச் சொன்னோம்." பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவுங்கப்பன் ரோஷக்காரன் மிஸ். ஆரம்பத்துல தட்டுல போட்டுக் கொண்டு போனேன். 'எம்புள்ளைக்கு நான் போட்டுக்கிறேன்'னு தட்டத் திருப்பிக் குடுத்துட்டான். போடுறான்தான், இல்லைங்கல. ஒத்தச் சம்பளத்துல எம்புட்டுத்தான் போடுவான்?"

"மத்த வீடுகள்ல தெரியுமா?"

"இதையெல்லாம் யாரு பேசுவா? பேசினா அவன் காதுக்குப் போயிரும்."

நான் கல்லிலேயே உட்கார்ந்திருந்தேன். திருவிழாவில் உற்சவமூர்த்தி வீதியுலா வரும்போது ஒவ்வொரு வாசலிலும் தேர் நிற்கும். வீட்டார் தாம்பாளம் ஏந்தி வருவர். மூர்த்தி எதையும் கேட்பதில்லை. எத்தனையோ ஆண்டு அந்தத் தேருக்கு முன்னால் பாடிச் சென்றவள் நான். அன்று இசையில்லை, தீபமில்லை. நழுவிய கவுனும் எண்ணெய் காணாத தலையுமாக அந்த மூர்த்தி என் எதிரே வாசல் வாசலாக நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. என் கைகள் தாமே குவிந்திருந்ததை ஆய்வாளர் பார்த்த பின்புதான் அறிந்தேன்.

வழக்கமாகக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவர் முன்னேரமே புறப்பட்டுவிடுவார். அன்று என் மகன் வாகனத்தோடு வருவதாக இருந்ததால் இருட்டும்வரை இருந்தோம். தகப்பன் வந்தார், குளித்தார், கொஞ்சம் அரிசியும் ஒரு கீற்றுப் பூசணியும் அடுப்பேற்றினார். ஆய்வாளர் எப்போதும்போல் நிறுத்தார். இறக்கியதும் அந்த மனிதர் செய்த முதற்செயல், ஒரு சிறு கோப்பையில் சோறும் கறியும் எடுத்துக்கொண்டு வெளியே போனது. லயத்தின் கடைசி அறையில், பார்வை மங்கிய முதியவர் ஒருவர் தனியாக இருந்தார். அவருடைய வாசலில் போய் நின்றார்.

"ஐயா, இந்தாங்க, கொஞ்சம் உப்பு பாருங்க. வெயில்ல நின்னு எனக்கு நாக்கே செத்துப் போச்சு."

முதியவர் தடவிக் கோப்பையை வாங்கி, அவசரமில்லாமல் கடைசிப் பருக்கைவரை உப்புப் பார்த்தார்.

"தூக்கலாத்தான் இருக்கு. நாளைக்குக் கொறச்சுப் போடு."

"சரிங்கய்யா."

ஆய்வாளரின் கை என் கையைப் பற்றியது.

நிறுவை நாள் வந்தது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், நானும் ஓர் ஓரமாய் நின்றேன். பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டார்கள். முள் முன்னைவிடச் சற்று மேலே ஏறி நின்றது. உத்தியோகத்தர் அதைப் பார்த்தார்; ஆனாலும் ஆய்வாளரின் பக்கம் திரும்பினார்.

"அந்த வீட்டுல சமைக்கிறது இந்தப் பிள்ளைக்குக் காணுமா? நீங்கதானே நிறுத்தவங்க. சொல்லுங்க."

தகப்பன் நிலத்தைப் பார்த்து நின்றார். இடுப்பில் சுற்றிய கொழுந்துப் படங்குத் துணியோடு வேலையிலிருந்து ஓடி வந்திருந்த பெண்கள் மூச்சடக்கி நின்றார்கள். லயத்தார் ஊட்டுவதைச் சொன்னால் தகப்பனின் மானம் போகும்; சொல்லாவிட்டால் பிள்ளை போவாள்.

"அந்த வீட்டுல சமைக்கிறது மட்டும்னா காணாது, சேர்" என்றார் ஆய்வாளர். தகப்பனின் தோள்கள் சரிந்தன. "ஆனா இவளுக்கு லயத்துல ஒரு உத்தியோகம் இருக்கு."

"உத்தியோகமா? என்ன உத்தியோகம்?"

தராசில் தொங்கியபடியே குழந்தை சொன்னாள்: "உப்பு பாக்குறது."

ஒருத்தி சிரித்தாள், உடனே எல்லோரும். "ஆமாங்க, இவ பாக்காம எங்க லயத்துல ஒரு சட்டியும் இறங்காதுங்க" என்றது ஒரு குரல். நான் தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் வியப்பில்லை. கண்கள் நிறைந்திருந்தன, உதட்டில் மெல்லிய சிரிப்பும் இருந்தது. அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

உத்தியோகத்தர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். "மாசாமாசம் நிறுக்கக் கொண்டு வரணும். தவறக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

திரும்பும் வழியில் ஆய்வாளர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "இத எப்படி எழுதுறதுன்னு தெரியலம்மா. எழுதாம விட்டா ஆராய்ச்சியே பொய். எழுதினா, 'பாத்தீங்களா, அவங்களே சமாளிச்சுக்குவாங்க, சம்பளமும் வேணாம் உதவியும் வேணாம்'னு யாராவது சொல்லிருவாங்க." அவர் பிறகு என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அந்த அச்சத்தின் நியாயம் மட்டும் எனக்குப் புரிந்தது. வாசல் வாசலாய் ஒரு குழந்தை உப்புப் பார்க்க நேர்ந்தது அங்குள்ளோரின் பெருமை. நேரும்படி விட்டது நம்முடைய பெருமையன்று.

இப்போதும் நாள்தோறும் உப்புப் பாராமலேதான் அமுது சமைக்கிறேன். படைத்துத் திரையை இழுத்துவிட்டு, ஏற்றருள வேண்டும் என்று கைகூப்பி நிற்கும்போது, நழுவிய கவுனோடு யாரோ வாசலில் வந்து நிற்பதுபோல் தோன்றுகிறது. சுவைத்துப் பார்த்து அவள் சொல்லும் "பத்தல" என்ற அந்த ஒரு சொல், நான் இன்னும் சோறிடாத வாசல்களை எல்லாம் எனக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது.