வாட்டர் பம்புக்காகச் சொன்ன பொய்

எழுபதுகளின் நடுவில், திருத்தணி மலையடிவாரத்தில் நான் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த வண்டிதான். எனக்கு முன்பே இரண்டு பேரிடம் இருந்து வந்த பழைய மாடல். அந்த மாடலுக்குப் பின்னால் வந்த வண்டிகளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் கம்பெனி நடுவில் இன்ஜினை மாற்றிவிட்டது. அதனால் புதிய வண்டியின் சாமான் எதுவும் என் வண்டிக்குச் சேராது.

ஆனி மாதம் ஒரு நாள், மலைமேல் ஏறிக்கொண்டிருக்கும்போது முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. வாட்டர் பம்ப் உடைந்து இரண்டாகப் பிளந்திருந்தது. இன்ஜினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடுவது அதுதான். அது இல்லாமல் ஒரு மைல்கூட ஓட்ட முடியாது. ஆறு நாளில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வண்டியாகப் போக ஒப்புக்கொண்டிருந்தேன். சீசனில் ஒரு தடவை ஏமாற்றினால் அடுத்த வருஷம் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஸ்டாண்டில் எனக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு அந்தச் சவாரி போய்விடும்.

மெட்ராஸ் போய்ப் பழைய சாமான் கடைகளில் இரண்டு நாள் அலைந்தேன். கடைக்காரர்கள் எடுத்துக் கொடுத்ததெல்லாம் புதிய இன்ஜினின் பம்ப். உடைந்த பம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். உருவம் ஒன்றுதான். ஆனால் போல்ட் ஓட்டைகள் அரை விரல் தள்ளி இருக்கும். கடைசியில் ஒரு கடைக்காரர்தான் சொன்னார், "உங்க பக்கத்துலயே அம்மையார்குப்பத்துல ஒரு நெசவுக்காரரு வூட்ல இதே வண்டி நிக்குதுப்பா. சாமானா கேட்டா குடுக்க மாட்டாரு. நான் கேட்டுப் பாத்துட்டேன்."

மறுநாள் காலையில் அம்மையார்குப்பம் போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் கார் நின்றது. தூசியே இல்லை. ஓட்டுகிற இடத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் போய் நின்றும் அவர் பார்வை என் பக்கம் திரும்பவில்லை.

அவர் மனைவி தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். "பாவா, திருத்தணியிலேருந்து யாரோ வண்டிக்காரரு வந்துகிறாரு" என்றார். கணவரை அவர் பாவா என்றுதான் கூப்பிட்டார். சர்க்கரை வியாதியில் அவருக்குப் பார்வை போய் மூன்று வருஷம் ஆகிறதாம். வெள்ளிக்கிழமைதோறும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து வண்டியை ஸ்டார்ட் செய்வார். இவர் உள்ளே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்பார். அதற்காகத்தான் வண்டியை வைத்திருக்கிறார்கள்.

நான் பம்ப் வேண்டும் என்றேன்.

"அத்தக் கழட்டினா வண்டி ஓடாதே" என்றார் அவர். கோபமில்லை. விஷயத்தைச் சொன்னார், அவ்வளவுதான். "இன்னா அவசரம் உனக்கு?"

கல்யாணச் சவாரி என்று சொன்னால் அனுப்பிவிடுவார் என்று தோன்றியது. யோசிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. "எங்க தெருவுல ஒரு பொண்ணு, நெறமாசங்க. புள்ள குறுக்கால கீதுன்னு சொல்லிட்டாங்க. எந்நேரமும் வேலூருக்கு இட்டுகினு போவ வேண்டி வரும். வேற வண்டிய நம்ப முடியாது" என்றேன். அப்படி ஒரு பெண்ணே எங்கள் தெருவில் இல்லை.

அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். "அப்போ கழட்டிக்க. நான் சும்மா சத்தம் கேக்கறதுக்குத்தான வச்சிகினு கீறேன்."

நான் வேலை செய்தபோது அவரும் பக்கத்தில் வந்து நின்றார். "கீழ் போல்ட்டு அடம் புடிக்கும், மெதுவாத் திருகு" என்று சொல்லி, தானே கையை உள்ளே விட்டு அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "தாயும் புள்ளயும் நல்லாருந்தா ஒரு வார்த்த சொல்லி அனுப்பு" என்றார்.

பம்ப் அச்சாகப் பொருந்தியது. கல்யாணச் சவாரி நன்றாக முடிந்தது. நான் சொல்லி அனுப்பவில்லை. சொல்ல என்ன இருந்தது?

ஒரு மாதம் கழித்து ஆடிக் கிருத்திகை. அடிவாரத்தில் காவடிக் கூட்டம் நகர இடமில்லாமல் நின்றது. ஸ்டாண்டில் யாரோ என்னைத் தேடுவதாகச் சொன்னார்கள். பார்த்தால் அந்த அம்மா. கையில் பால்குடம்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னா புள்ளங்க? ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்களா?"

மற்ற டிரைவர்கள் சுற்றி நின்றார்கள். "ஆங்... நல்லாக்கீறாங்க. ஆம்பளப் புள்ள" என்றேன்.

அந்த முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வது? "அன்னிக்கு நீங்க போனதுமே வேண்டிக்கினேன், நல்லபடியாப் பொறந்தா பால்குடம் எடுக்கறேன்னு. தகவல் வரலன்னாலும் நல்லபடியாத்தான் பொறந்திருக்கும்னு குடத்த எடுத்தாந்துட்டேன். அவரும் தெனம் கேட்டுகினே கீறாரு, தகவல் வந்துச்சா, தகவல் வந்துச்சான்னு." மடியிலிருந்து ஒரு சின்னத் துணியை எடுத்துக் கொடுத்தார். குழந்தையைச் சுற்றி வைக்கத் தானே தறியில் போட்டதாம். பிறகு கூட்டத்தோடு படியேறிப் போனார். இல்லாத ஒரு பெண்ணுக்காக, பிறக்காத ஒரு குழந்தைக்காக, அத்தனை படி.

அன்று எனக்குச் சவாரி எடுக்க மனம் வரவில்லை. துணியை சீட்டுக்கு அடியில் வைத்தேன். அங்கே வைக்கவும் பிடிக்கவில்லை, எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி யாருக்கு என்று கேட்டாள். நான் அதை மடித்து அலமாரியில் வைத்தேன்.

அரக்கோணத்தில், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்த ஒருவர் வீட்டில் இரும்பு கடைகிற லேத் மிஷின் வைத்திருந்தார். மெட்ராஸில் புதிய இன்ஜினின் பம்ப் ஒன்று வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் கழித்து வண்டியோடு அவரிடம் போய், அந்த பம்பைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், புதிய பம்பை எப்படியாவது என் வண்டியில் உட்கார வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் பழைய பம்பைக் கழற்றி, இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நடுவுல ஒரு கனமான தகடு குடுத்தாப் போச்சு. ஒரு பக்கம் பழைய ஓட்டை, ஒரு பக்கம் புது ஓட்டை. ரேடியேட்டர கொஞ்சம் முன்னால தள்ளி வைக்கணும்" என்றார். அரை நாளில் முடித்துவிட்டார். ரயிலில் அரை மணி தூரத்தில் இருந்தவரிடம் நான் முதலிலேயே கேட்டிருந்தால், அம்மையார்குப்பம் போயிருக்கவே வேண்டாம்.

பம்பையும் துணியையும் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். என் குரல் கேட்டதுமே அவர் கொட்டகையிலிருந்து எழுந்து வந்தார். "வாப்பா. புள்ளைக்கு இன்னா பேரு வச்சாங்க?"

அந்த அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லிவிட்டு, பம்பை மாட்டிவிட்டு, ஓடியிருக்கலாம். வழியெல்லாம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அவர் காதை என் பக்கம் சாய்த்து, பதிலுக்காகக் காத்திருந்த விதம் என்னைச் சொல்ல வைத்தது. "அப்படி ஒரு பொண்ணே இல்லீங்க. கல்யாணச் சவாரிக்காகத்தான் கேட்டேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

"அப்போ புள்ள இல்லையா?"

"இல்லீங்க."

அந்த அம்மா என் கையிலிருந்த துணியை வாங்கி, மடிப்புக் கலையாமல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கல்யாணத்துக்குன்னு கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன்" என்றார் அவர் கடைசியில். "அதனால உன்ன முழுசாத் திட்டவும் தோணல. ஆனா ஒரு மாசமா அந்தப் புள்ள எனக்குப் பெரிசா இருந்துச்சுப்பா. வெள்ளிக்கிழம வந்தா வண்டிச் சத்தம் இல்லையேன்னு இருக்கும். பரவால்ல, நம்ம வண்டியால ஒரு உசுரு பொழச்சிதுன்னு நெனச்சுக்குவேன்." பிறகு, "சரி, மாட்டு" என்றார்.

மாட்டினேன். கீழ் போல்ட்டை இந்தத் தடவை அவர் தொட்டுக் காட்டவில்லை. ஸ்டார்ட் செய்தேன், இரண்டாவது தடவையில் பிடித்துக்கொண்டது. அவர் பானட் மேல் உள்ளங்கையை வைத்து, தலையைக் குனிந்து கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஓடுது" என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு சில வெள்ளிக்கிழமைகளில் நானே போய் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்து கொடுத்திருக்கிறேன். வரவேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. காபி கொடுத்தார்கள். அந்தப் பேச்சை மட்டும் மூன்று பேருமே எடுக்கவில்லை.

இன்று யாராவது என்னிடம் அவசரம் என்று வந்து உதவி கேட்டால், அது உண்மையா என்று நான் துருவுவதில்லை. அப்படித் துருவும் தகுதி எனக்கு இல்லை. வாங்கிய பம்பை என்னால் திருப்பிக் கொடுக்க முடிந்தது, ஒரு மாதம் அவர் மனதில் வளர்ந்துகொண்டிருந்த அந்தக் குழந்தையை நான் எதைக் கொண்டு ஈடு செய்வேன் என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.