ஐந்து முறையும் ஒரே பதில்

தேவகனி அஞ்சுகிராமம் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். வயது முப்பத்தாறு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியவள். அதோடு படிப்பு நின்றுபோனது.

2003-இல், தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, வகுப்பில் ஒரு காதல் கடிதம் பிடிபட்டது. எழுதியவள் ஜினிஷா, வகுப்பாசிரியர் செல்வதாஸின் மகள். அவள் எழுதும்போது பக்கத்தில் இருந்தவள் தேவகனி. மகளின் கையெழுத்து செல்வதாஸுக்குத் தெரியாமல் இருக்குமா? கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, தேவகனியின் அப்பாவை வரச்சொல்லி, உங்கள் மகள் எழுதியது என்றார். ஜினிஷா வாய் திறக்கவில்லை. அப்பா பள்ளி வாசலிலேயே அடித்தார். தேர்வு முடிந்த மறுவாரம் தேவகனியை முந்திரி உடைக்க அனுப்பினார். கடைசிவரை அவர் மகளை நம்பவில்லை.

அந்த வருஷம்தான் சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சிக் குழு ஒன்று மாவட்டத்தில் இருநூறு மாணவர்களைத் தேர்ந்தெடுத்திருந்தது. படித்தவர்கள் பிற்காலத்தில் என்ன ஆகிறார்கள் என்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை தேடிவந்து கேட்பார்கள். தேவகனி, ஜினிஷா இருவர் பெயரும் அதில் இருந்தன.

2007-இல் சிந்தியா என்ற ஆய்வாளர் வந்தார். படிப்பை ஏன் விட்டாய் என்ற கேள்விக்கு வறுமை, திருமணம், உடல்நலம் என்று கட்டங்கள் இருந்தன. தேவகனி எதையும் தொடவில்லை.

"செல்வதாஸ் சாரு பொய் சொன்னாருன்னு எழுதுங்க. ஒரு எழுத்து மாத்தப்பிடாது."

அந்த இருநூறு பேரில் பலர் வளைகுடாவுக்குப் போனார்கள், முகவரி மாறித் தொலைந்தார்கள். தேவகனி கல்யாணமாகி சுசீந்திரத்துக்குப் போனபோது தானே போன் செய்து புது விலாசம் கொடுத்தாள். ஐந்து முறை சிந்தியா வந்தார். ஐந்து முறையும் அதே வாக்கியம். என்றைக்காவது அது அச்சில் வரும், ஊர் படிக்கும் என்று காத்திருந்தாள்.

2024-இல் நாகர்கோவிலில் ஆய்வின் நிறைவு விழா. அறிக்கையைக் கையில் வாங்கியதும் தேவகனி பக்கம் பக்கமாகத் தேடினாள். அவள் பதிலில் செல்வதாஸ் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ஓர் ஆசிரியர்' என்றுதான் இருந்தது. யார் பெயரையும் வெளியிடக்கூடாது என்பது விதி என்றார் சிந்தியா. ஆனால் அதே பக்கத்தில், அவள் பதிலுக்குக் கீழே, வேறொரு பெண்ணின் பதில் இருந்தது: 'கடிதம் என்னுடையது. என் அப்பா அதை இன்னொருத்தி மேல் போட்டார். நான் பேசாமல் இருந்தேன்.'

மேடையில் செல்வதாஸ் உட்கார்ந்திருந்தார். ஆய்வுக்கு ஒத்துழைத்த ஆசிரியர் என்று பொன்னாடை போடப்போகிறார்கள். முன்வரிசையில் ஜினிஷா.

ஐந்து முறையும் தவறாமல் பதில் சொன்னவர் என்று மேடைக்கு அழைத்து, இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கை நீட்டியபோது தேவகனி அந்தப் பக்கத்தை நிதானமாக வாசித்தாள், இரண்டு பதில்களையும். பிறகு செல்வதாஸ் பக்கம் திரும்பினாள்.

"சாரே, முதல் பதிலு எனக்க பதிலு. ரெண்டாவது யாருக்க பதிலுன்னு நீங்களே சொல்லுங்க."

செல்வதாஸ் மகளைப் பார்த்தார். மண்டபம் முழுக்க அந்தப் பார்வையைப் பார்த்தது. ஜினிஷா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் பொன்னாடைக்குக் காத்திராமல் படியிறங்கிப் போனார்.

வெளியே வைத்து சிந்தியா கோபப்பட்டார். ரகசியம் காப்போம் என்று நம்பித்தானே ஜினிஷா உண்மையை எழுதினாள், அவளை இப்படி அம்பலப்படுத்தலாமா என்றார்.

"அவ அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்க அப்பா கேட்டிருப்பாரு. அவரு செத்த பொறவு பேப்பர்ல எழுதி எனக்கு எதுக்கு?" என்றாள் தேவகனி.

ஜினிஷா பலமுறை போன் செய்தாள். தேவகனி எடுக்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்து, செல்வதாஸ் இப்போதெல்லாம் சர்ச்சில் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறார், யாரோடும் பேசுவதில்லை என்று கம்பெனியில் ஒருத்தி சொன்னாள். தேவகனிக்கு அந்தச் சர்ச்சில் எந்த வேலையும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். அவர் பக்கத்தில் யாரும் உட்காராமல் இடம் காலியாக இருந்தது. ஆராதனை முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.