பேர் சொல்லாத குன்வோர்

காப்பிக் கோப்பையைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கைப்பேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக் குன்வோர் கீழே பார்க்கிறார். காகிதம் மட்டும் போடவேண்டிய நீலத் தொட்டிக்குள் யாரோ தயிர் டப்பாவைப் போட்டிருக்கிறார்கள். ஒரு படம், கிட்டே இழுத்து இன்னொரு படம். காப்பி ஆறுவதற்குள் அது குடியிருப்பின் முகநூல் குழுவில் ஏறிவிடுகிறது. "நம்மில் ஒருவருக்கு நிறம் தெரியாது போல, பாவம். அன்புடன், குன்வோர்." முடிவில் ஒரு சிவப்பு இதயம்.

அந்த இதயம் இல்லாமல் அவர் யாரையும் குத்தியதே இல்லை. பேரையும் சொல்லமாட்டார். யாராவது முகம் சுளித்தால், "நான் பேரே சொல்லலையே" என்பார். சொல்வானேன்? வாசலில் கிடக்கும் சைக்கிளோ பூந்தொட்டியோ படத்தில் விழுந்தால் போதாதா? மிச்சத்தைப் பதிவின் கீழே வந்து எழுத அக்கம்பக்கத்தில் ஆளுக்கா பஞ்சம்!

இப்பேர்ப்பட்டவரைத்தான், இணையத்தில் ஒருவரையொருவர் வதைக்காமல் இருப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடம் கூப்பிடுகிறது. பெற்றோர் சங்கத்தின் தலைவி அல்லவா? கொடுமை என்னவென்றால், நன்றாகவே சொல்லிக்கொடுப்பார். "எழுதுறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளையோட முகத்தை நெனச்சுப் பாருங்க" என்னும்போது குரல் தழுதழுக்கும். அதில் நடிப்பு ஒன்றும் கிடையாது.

மே மாதம் டுக்னாட் வந்தது. பனி உருகியதும் குடியிருப்பே திரண்டு முற்றத்தைப் பெருக்கும் நாள் அது. கூலி கிடையாது, சுட்ட சாசேஜ் உண்டு. வராதவர்களை யாரும் வாய்விட்டு ஒன்றும் கேட்கமாட்டார்கள்; அவர்கள் வீட்டுச் சன்னலை அண்ணாந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். இம்முறை மூன்றாம் மாடி யூருன் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குன்வோர் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, அவள் வீட்டு மூடிய திரைச்சீலையைப் படமெடுத்தார். "சிலருக்கு ஓய்வு ரொம்ப அவசியம். நாம் பெருக்கிக்கொள்வோம். அன்புடன்." இதயம். பதிவின் கீழே பதில் எழுத வரிசைகட்டி வந்தார்கள். மகாராணி என்றார் ஒருவர். ராத்திரி குடித்தது தெளியவில்லை போல என்றார் இன்னொருவர். எல்லாம் ஓட்டுப் போடுகிற வயதுக்காரர்கள்.

அடுத்த வாரம் எட்டாம் வகுப்பில் பாடம். மனதை நோகடித்த பதிவு ஏதாவது இருந்தால், பேர் சொல்லாமல் வாசிக்கலாம் என்றார் குன்வோர். யூருனின் மகள் டோர்டிஸ் எழுந்து, அந்தப் பதிவை விட்டுவிட்டு, கீழே வந்த பதில்களை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்தாள்.

குன்வோருக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்த வகுப்புப் புள்ளைங்க இப்படி எழுதினது? இதை ஆரம்பிச்சவங்க நேரா வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேக்கணும்."

"புள்ளைங்க இல்ல, எங்க குடியிருப்புப் பெரியவங்க" என்றாள் டோர்டிஸ். "ஆரம்பிச்சவங்க பேரை நீங்கதான் சொல்லக்கூடாதுன்னுட்டீங்க. எங்கம்மா இப்ப குப்பை கொட்டக்கூட இருட்டட்டும்னு காத்திருக்காங்க. மே கடைசியில இங்க ராத்திரி பதினொரு மணிக்கும் வெளிச்சம், எப்ப இருட்டும்?"

குன்வோரின் முகம் கழுத்து வரை சிவந்துபோயிற்று.

சும்மா சொல்லக்கூடாது, சுட்டது சுட்டதுதான். வீட்டுக்கு வந்த கையோடு பதிவை அழித்தார். மாவு கரைத்து வாஃபிள் சுட்டு, பழுப்புப் பாலாடைக்கட்டி சீவி வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினார். மணியை அடித்தார். உள்ளே காலடி கதவருகே வந்து நின்றது. கதவு திறக்கவில்லை.

"யூருன், நான்தான். மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

காலடி மெல்லத் திரும்பிப் போயிற்று. குன்வோருக்கு மனது பொறுக்கவில்லை. இவ்வளவு இறங்கி வந்த பிறகும் இப்படி ஒரு மதிப்பா? தட்டைக் கால்மிதியின்மேல் வைத்தார். கைப்பேசியை எடுத்தார். மூடிய கதவும் ஆவி பறக்கும் வாஃபிளும் ஒன்றாக விழுகின்றனவா என்று பார்த்தார். விழுந்தன. கதவில் யூருனின் பெயர்ப்பலகையும் சேர்ந்து விழுந்தது. இடது கையை நீட்டி அதை மட்டும் பதனமாகப் பொத்திக்கொண்டு, வலது கையால் படமெடுத்தார்.