காயமா, புண்ணா?

லண்டனிலிருந்து பாராட்டு வந்திருந்தது. பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்தும் அறுவை சிகிச்சை ஆய்வில், புண் சீழ் வைப்பது மிகக் குறைவாக இருப்பது கம்பத்துப் பக்கத்து இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில்தானாம். டாக்டர் கேக் வாங்கி வெட்டினார். நர்ஸ் ஹேமாவதி மட்டும் தன் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். ஆப்ரேசன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களைப் போனில் விசாரிப்பவள் அவள்தான். அவ்வளவு நல்லதாக நம் ஊரில் எது நடந்திருக்கிறது என்று அவளுக்குப் பயம்.

கேட்க வேண்டிய கேள்வி லண்டனிலிருந்து அச்சடித்து வந்தது. எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி கேட்டால்தான் பதில்களை ஒப்பிட முடியும், ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்றார்கள். நியாயம்தான். ஆனால் அதைத் தமிழாக்கிய புண்ணியவான் எந்த ஏசி அறையில் உட்கார்ந்திருந்தாரோ, "காயத்தில் கசிவு உள்ளதா?" என்று எழுதிவைத்தார். ஹேமாவதியும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே ஒப்பித்துவந்தாள்.

கேக் வெட்டிய மறுநாள் காலை சுருளிப்பட்டி ராமுத்தாயை இரண்டாம் முறை கூப்பிட்டாள். குடலிறக்கத்துக்கு ஆப்ரேசன் ஆனவள். மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை.

"காயத்தில் கசிவு உள்ளதா?"

"காயமா? நாந்தான் எங்கனயும் விழுகலன்னு அன்னைக்கே சொன்னேனே தாயி. சீக்கிரம் பேசு, தோட்டத்து ஜீப்பு வந்துரும். புண்ணுக்குத் துணி மாத்திக்கிட்டு இருக்கேன்."

ஹேமாவதி தாளைக் கீழே வைத்தாள். "எந்தப் புண்ணுக்கா?"

"நீங்க ஆப்ரேசன் பண்ண புண்ணுதான். சலம் வடியுதுல்ல."

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"நீ அதக் கேக்கலயே."

எங்கள் பக்கம் விழுந்து அடிபட்டால்தான் காயம். கத்தி வைத்த இடம் புண்ணு, அதில் வடியும் சீழ் சலம். சுருளிப்பட்டிக்குப் பக்கத்திலேயே பிறந்த ஹேமாவதிக்கு இது தெரியாததா? தாளைப் பார்த்துப் படிக்கும்போது அந்த ஊர்க்காரி எங்கோ போய்விட்டாள்.

ஜீப்பில் ஏறாதே என்று கெஞ்சி, ஆட்டோ அனுப்பி ராமுத்தாயை வரவழைத்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. டாக்டர் தையலைப் பிரித்துச் சுத்தம் செய்துவிட்டு வெளியே வந்தார், முகம் வெளிறியிருந்தது.

"கணக்கு தப்புன்னு லண்டனுக்கு நான் எழுதிக்கிறேன். 'இல்லை'ன்னு சொன்ன எல்லாரையும் நீ திரும்பக் கூப்பிடும்மா."

முதலில் அப்துல் சமது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டுமே என்று பதறினாள். எடுத்து என்ன சொல்வாரோ என்று அதைவிடப் பதறினாள். எடுத்துவிட்டார்.

"பாய், ஆப்ரேசன் பண்ண புண்ணு எப்படியிருக்கு?"



"இப்பவாச்சும் கேட்டீகளேம்மா" என்றார்.