இடது பக்கம் மாமாவுக்கு

ஒரு மோட்டார் சைக்கிளைப் பாகம் பிரிப்பது எப்படி என்று எந்த வக்கீலுக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. தென்னந்தோப்பைப் பிரிக்கிற மாதிரிதான். நடுவில் கயிறு பிடிக்க வேண்டும். மூத்தவர் பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். மோட்டார் தொழில்நுட்பத்துக்கு என் வாழ்நாள் பங்களிப்பும் அதோடு முடிந்தது. இன்றுவரை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றத் தெரியாமலேதான் வண்டி வைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் ஒரு வண்டி, மாமாவிடம் ஒரு வண்டி. மாமா என்றால் என் அத்தையின் கணவர், அப்பாவுக்குத் தங்கை மாப்பிள்ளை. நாங்கள் சின்னமனூரில் வாழை போட்டுக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு வடுகபட்டியில் வெள்ளைப்பூண்டு வியாபாரம். இரண்டு வண்டியும் ஒரே மாடல். கம்பெனிப் பெயரைச் சொன்னால் அதன் பக்தர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். கம்பெனி எப்போதோ மூடியாகிவிட்டது. சாமான் எங்கும் கிடைக்காது. ஆனாலும் இருவரும் வேறு வண்டி வாங்க மறுத்தார்கள். அது ஓடும்போது வருகிற சத்தம் வேறு எதிலும் வராது என்பது அவர்கள் கட்சி. ஓடாதபோது ஒரு சத்தமும் வராது என்பது அம்மாவின் கட்சி.

சாமான் பஞ்சத்துக்கு அவர்கள் கண்ட வழிதான் தாய் வண்டி. போடிக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் கேட்பாரற்றுக் கிடந்த அதே மாடல் வண்டியை இருவரும் கூட்டாக வாங்கிவந்து எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் நிறுத்தினார்கள். யாருடைய வண்டிக்கு எது போனாலும் இதிலிருந்து கழற்றி மாட்டிக்கொள்வது என்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வருவார். மச்சானும் மாப்பிள்ளையும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் வயிற்றுக்குள் கையைவிட்டுத் துழாவுவார்கள். அம்மா கொண்டுவந்து வைத்த காப்பி ஆடை கட்டிப்போகும். அத்தனை ஒற்றுமையான இரண்டு ஆண்களை நான் அதற்குப் பிறகு கல்யாண வீட்டுச் சீட்டுக் கச்சேரியில்கூடப் பார்த்ததில்லை.

ஒருநாள் மாமா தன் வண்டி படுத்துவிட்டதென்று அப்பாவின் வண்டியை வாங்கிக்கொண்டு குமுளிக்குப் போனார். அது பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டிய வண்டி. மாமா பெட்ரோலை மட்டும் ஊற்றியிருக்கிறார். மலை ஏறும்போது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வண்டி வாழைக்காய் லாரியில் ஏறி வீடு வந்தது.

“பச்சத்தண்ணி குடுக்காம மாட்டக் கொன்னுட்டியே மாப்ள” என்றார் அப்பா.

“ஒங்க பிஸ்டன் ஏற்கெனவே தேஞ்சு கெடந்துச்சு மச்சான். ஆயில்ல குளிப்பாட்டியிருந்தாலும் நின்னிருக்கும்.”

மாமா மறந்துபோனேன் என்று சொல்லியிருந்தால் அப்பா விட்டிருப்பார். வண்டியைக் குறை சொன்னதுதான் பொறுக்கவில்லை. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. கூட்டுச் சொத்தாக மிச்சம் இருந்தது தாய் வண்டி. அதனால்தான் பெரியவர்கள் வந்தார்கள், கயிறு வந்தது.

ஹேண்டில்பாரின் நடுவிலிருந்து பின் மட்கார்டின் நடுவரை கயிறு பிடித்தோம். இளையவரான மாமா இடது பக்கத்தை எடுத்தார். உதைக்கிற கிக்கரும் கியரும் அங்கேதான் பார்வைக்குப் பெரிதாக இருந்தன. உள்ளே கிளட்ச்சும் அந்தப் பக்கம். வலது பக்கம் அப்பாவுக்கு. அதில் மின்சாரம் தருகிற டைனமோவும் அதன் கம்பிச்சுருளான காயிலும். டேங்க் ஒருவருக்கு, சீட் ஒருவருக்கு. செத்த பிஸ்டனுக்குப் பதிலாகத் தாய் வண்டியின் பிஸ்டன் அப்பாவுக்கு. தென்னைமரங்களுக்கு அடையாளம் போடுகிற மாதிரி, மாமா பங்குச் சாமான்கள் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு தடவினார்கள், அப்பா பங்கில் காவி தடவி, ஆளுக்கொரு சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். எஞ்சினுக்கு இடமும் வலமும் சேர்ந்திருந்தால்தான் பிழைப்பு என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. அது தெரிந்த இரண்டு பேரும் வாயைத் திறப்பதில்லை என்று இருந்தார்கள்.

விளைவு சீக்கிரமே வந்தது. தாய் வண்டியின் பிஸ்டன் போட்டு ஓடிய அப்பாவின் வண்டிக்குக் கிளட்ச் தேய்ந்துபோனது. எஞ்சின் உறுமும், வண்டி நகராது. வடுகபட்டியிலோ மாமாவின் வண்டிக்கு டைனமோ காயில் எரிந்துவிட்டதாகத் தகவல். அப்பாவுக்கு வேண்டியது மாமாவின் சாக்கில். மாமாவுக்கு வேண்டியது அப்பாவின் சாக்கில்.

அந்தச் சமயம் பார்த்து அத்தை மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மடி யாருடையது என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். அத்தைக்குக் கூடப்பிறந்தவர் அப்பா ஒருவர்தான். அவர் வரவில்லையென்றால் மாமா வகையில் யாரையாவது பிடித்து உட்காரவைப்பார்கள். காரியம் நடந்துவிடும். ஆனால் பிறந்தவீடு வராத பெண் என்று அத்தைக்குப் பேராகிவிடும், பிறகு சடங்கு, கல்யாணம் எதற்கும் நாங்கள் அந்த வாசலை மிதிக்க முடியாது.

மாமா நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. பத்திரிகையை லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வண்டி ஓடுனா வாரேன்னு சொல்லு” என்றார்.

டிரைவர் போனதும் அம்மா கேட்டாள். “வண்டி ஓடாட்டி என்ன, பஸ்ஸு ஓடுதுல்ல?”

“சீர்த்தட்ட மடியில வச்சுக்கிட்டுக் கூட்டத்துல நசுங்கிப்போயி அவன் ஊர்ல எறங்கச் சொல்றியா? பஸ்ஸுல வந்தாருடா தாய்மாமன்னு அவுக ஆளுக சிரிக்கவா?”

டிரைவர் வாய்வழியாக ஊருக்குப் போனதும் அது சபதமாகிவிட்டது. கிளட்ச் பிளேட் கிடைத்தால் அத்தைக்கு அண்ணன் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை.

தங்கைமேல் உயிர் என்பதால் அப்பா உண்மையாகவே தேடினார். ஒவ்வொரு விடுமுறைக்கும் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் கிளம்புவார். சீர் கொண்டுபோகக் கூடாத பஸ்ஸில் சாமான் தேட மட்டும் எப்படிப் போகலாம் என்று எனக்குச் சந்தேகம். கேட்கவில்லை. தேனியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த அண்ணாச்சி, அப்பாவுக்குப் பல வருசப் பழக்கம், வேத வசனக் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர், தேய்ந்த பிளேட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, “இதுக்கு நான் ஜெபம்தான் பண்ணணும் சார்” என்றார். கேரள எல்லையில் குமுளிக் காயலான் கடைக்காரர் பிளேட்டைத் தொடக்கூட இல்லை. “இது கிட்டில்ல சாரே. இவிடயும் இல்ல, அவிடயும் இல்ல” என்று இரண்டு மாநிலத்தையும் சேர்த்து மூடிவிட்டார்.

கம்பத்தில் ஒரு மெக்கானிக்தான் விசயத்தைக் கிளறினார்.

“போன வாரந்தான் வடுகபட்டிக்காரக ஒருத்தக இதே வண்டிக்கு டைனமோ காயில் கேட்டு வந்தாக. ஒங்ககிட்ட இருக்குமா?”

“இல்ல” என்றார் அப்பா.

“அவுககிட்ட கிளட்ச் பிளேட் இருக்கான்னு கேட்டேன். அவுகளும் இல்லன்னுதான் சொன்னாக.”

அப்பா சிரித்தார். அப்படியொரு சிரிப்பை நான் அவரிடம் பார்த்ததில்லை. அடுத்த நிமிடம் முகம் சுருங்கிப்போனது. வருகிற வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். போகிற ஊரெல்லாம் மாமா முன்னாலோ பின்னாலோ வந்துபோயிருந்தார். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேடுகிற மாதிரியே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

காதுகுத்துக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை அம்மா என்னை வீரபாண்டிக்குக் கூட்டிப்போனாள். அம்மனைக் கும்பிட என்றாள். வயர்கூடை கனத்தது. தேங்காய் என்றாள். அங்கே ஆற்றங்கரையில் அத்தை தன் மகளோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியிலும் ஒரு கூடை. என்னைக் கண்டதும் அத்தை மகள் வழக்கப்படி அழ ஆரம்பித்தாள். சமாதானப்படுத்தச் சொல்லி எங்கள் இருவரையும் தண்ணீர்ப் பக்கம் விரட்டிவிட்டார்கள். நான் கல் எறிந்துகொண்டே திரும்பிப் பார்த்தபோது, பழைய சேலைத் துணியில் பொதிந்த எதையோ இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பல்லு வச்ச தட்டு. இதான மதினி?” என்றாள் அத்தை.

“அதேதான் ஆத்தா. தெனம் ராத்திரி ஒங்க அண்ணன் பொலம்புறதுல எனக்கு அளவே மனப்பாடமாகிப்போச்சு” என்றாள் அம்மா.

நான் அதைப் புது மாதிரி இட்லித் தட்டு என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அம்மா ஆற்று மணலைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினாள். கறுப்பாக ஏதோ ஓடியது. கோவில் விளக்கு எண்ணெய் என்று அதற்கும் ஒரு விளக்கம் எனக்குள் தயாராக இருந்தது. இரண்டு கூடையையும் அத்தையே தேனிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நாங்கள் வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி ஆள் அனுப்பினார், சாமான் வந்திருக்கிறது என்று. அப்பா சாப்பிடக்கூடச் செய்யாமல் என்னைக் கூட்டிக்கொண்டு தேனிக்கு ஓடினார். அண்ணாச்சி செய்தித்தாள் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். அப்பா பிரித்தார். உள்ளே கிளட்ச் பிளேட்டுகள். மேல் தட்டின் ஓரத்தில் சுண்ணாம்பு.

“அப்பா, சுண்ணாம்பு...”

“ஏலே, பேசாம இரு.”

அப்பா அந்தச் சுண்ணாம்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். அவசரமில்லாமல், அது முழுக்கப் போகும்வரை தேய்த்தார்.

“புதுசு போலிருக்கே அண்ணாச்சி?”

“பிரிக்காத பெட்டி சார். இப்பத்தான் வந்து எறங்குச்சு.” வேத வசனத்துக்குக் கீழே உட்கார்ந்து அவர் சொன்ன ஒரே பொய் இதுவாகத்தான் இருக்கும். விலை கேட்டபோது ஒரு டீ மட்டும் வாங்கித் தரச் சொன்னார். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. டீக்கடையில் எனக்கு ஒரு வடையும், கேட்காமலே இன்னொரு வடையும் வந்தது.

காதுகுத்தன்று அப்பாவும் அம்மாவும் நடுவில் நானுமாக வண்டியில் போய் இறங்கினோம். சீர்த்தட்டை அம்மா ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தாள். தெருமுனையில் சத்தம் கேட்டதுமே அத்தை வாசலுக்கு வந்துவிட்டாள். நாங்கள் இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, விடுவிடுவென்று உள்ளே போய் மகளைத் தூக்கிவந்து அப்பா கையில் கொடுத்தாள். ஆசாரி காதில் குத்தியபோது குழந்தை அப்பாவின் சட்டையைக் கடித்துக்கொண்டு வீறிட்டது. அப்பா அதன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். குத்தி முடிந்து வெகுநேரம் கழித்தும் மடியைவிட்டு இறக்கவில்லை.

பந்தியில் மாமாவே அப்பாவுக்கு இலை போட்டார். அவருடைய வண்டியும் வாசலில் பளபளவென்று நின்றது.

“வண்டி நல்லா வருதா மச்சான்?”

“சாமான் கெடச்சிருச்சு மாப்ள. ஒனக்கு?”

“எனக்கும் தேனிலதான் கெடச்சுச்சு.”

“நல்லது. கறிய நல்லா போடச் சொல்லு.”

இதுதான் அவர்கள் சமாதானம் பேசியது. இருவர் முகத்திலும் ஒரே மாதிரி ஒரு பெருந்தன்மை. தோற்றவனை இதற்குமேல் வருத்தக் கூடாது என்கிற பெருந்தன்மை. சுண்ணாம்பைப் பார்த்த அப்பா, மாமா மனம் இளகிச் சாமானை அனுப்பிவிட்டார் என்று நினைத்திருந்தார். காவியைப் பார்த்த மாமா, மச்சான்தான் அனுப்பிவைத்தார் என்று நினைத்திருந்தார். எதிராளி மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று இருவரும் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. கடைசிவரை திறக்கவில்லை. உண்மையைப் பேசித் தீர்க்க வேண்டும் என்று நான் படித்த புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன, எழுதியவற்றிலும் சொல்லித் தொலைத்திருக்கிறேன். அந்த இரண்டு பேரும் உண்மையைப் பேசியிருந்தால் மறுபடி ஒரு கயிறு தேவைப்பட்டிருக்கும்.

சாயங்காலம் திரும்பினோம். தேனி தாண்டி ரோடு நேரானதும் அப்பா லேசாகத் தலையைத் திருப்பி, என்னைத் தாண்டி அம்மாவிடம் பேசினார்.

“பாத்தியா, கடைசில அவனே எறங்கி வந்துட்டான். நாந்தான் கண்டுக்காத மாதிரி விட்டுட்டேன். பாவம், சின்னவன்.”

“ஆமா, ஒங்களுக்குப் பெரிய மனசு” என்றாள் அம்மா.

அதற்குப் பிறகுதான் அந்தக் குலுக்கல் ஆரம்பித்தது. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகுப் பக்கமாக விட்டுவிட்டு அதிர்ந்தது. சற்று நிற்கும், மறுபடி வரும். வீரபாண்டி தாண்டியும் நிற்கவில்லை. அம்மா சிரித்தாளா, அழுதாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வளர்ந்த பிறகு ஒருமுறை கேட்டேன். வீரபாண்டி கூடை விசயம் முழுவதையும் சொன்னவள் இதற்கு மட்டும், “ரோடு அப்படிடா” என்று முடித்துவிட்டாள்.

எட்டு வயதில் எனக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. சாமான் தேடி ஊர் ஊராக அலைந்தவனுக்கு ஒரு குலுக்கல் எதனால் வரும் என்று தெரியாதா? வீட்டுக்கு வந்து இறங்கியதும் அப்பாவிடம், பின் சாக் அப்சர்பர் போய்விட்டது என்று அறிவித்தேன்.

அப்பா பதறிப்போனார். மறுநாள் காலையில் என்னைப் பின்னால் உட்காரவைத்து, மேடு பள்ளமாகப் பார்த்து ஓட்டிப் பரிசோதித்தார். பிறகு வாசலில் நிறுத்தி, சீட்டைக் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். அம்மா முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தானடா இருக்கு. ஒண்ணும் ஆடலையே” என்றார்.

“சும்மா ஆடாதுப்பா. நீங்க அம்மாகிட்ட மாமாவப் பத்திச் சொன்னாத்தான் ஆடும்” என்றேன்.